பழைய ஆம்ப்ளிஃபையர் எக்ஸ்சேஞ்ச்: 88,000 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. சென்னையில் ஒரு வீட்டு மாடியில் பழைய ஆடியோ செட்களை வாங்கி விற்கிற, எக்ஸ்சேஞ்சும் செய்கிற இடம், அவ்வளவுதான். அங்கே நான் கொடுத்தது 88,000 ரூபாய். அதோடு 27 வருடம் என்னோடு இருந்த ஆம்ப்ளிஃபையரையும் கொடுத்தேன்.

எனக்கு இது நேற்று வந்த ஆசை இல்லை. 1983-ல் பாலிடெக்னிக் படிக்கும்போது 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டு நானே சால்டர் வைத்துச் செய்த செட், பிளைவுட் பெட்டிக்குள் எட்டு இன்ச் பிலிப்ஸ் ஸ்பீக்கர், அங்கே ஆரம்பித்தது. வேலைக்குப் போனதும் காஸ்மிக், பிறகு சோனோடைன், 1998-ல் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் வாங்கிய என்.ஏ.டி. 3020 ஆம்ப்ளிஃபையர். சானலுக்கு 20 வாட்தான், ஆனால் பெரிய ஸ்பீக்கரைக் கொடுத்தாலும் அசராமல் இழுக்கும். அதற்குப் பிறகு ஸ்பீக்கரை மாற்றியிருக்கிறேன், டர்ன்டேபிளை மாற்றியிருக்கிறேன், அதன் முள் இருக்கும் கார்ட்ரிட்ஜ் எத்தனை மாற்றினேன் என்று கணக்கே இல்லை. என்.ஏ.டி.யை மட்டும் மாற்ற மனசு வரவில்லை.

மாற்ற வைத்தது சான்சூயி ஏயூ-717. சான்சூயி என்றால் இங்கே பலருக்கு டிவிதான் ஞாபகம் வரும். எழுபதுகளில் அவர்கள் ஜப்பானில் செய்த ஆம்ப்ளிஃபையர்கள் வேறு ரகம். கறுப்பு முகப்பு, இரண்டு பக்கமும் கைப்பிடி, சானலுக்கு 85 வாட். இருபது வருடமாக ஆசைப்பட்ட சாமான். அந்தக் கடையிலிருந்து வாட்ஸாப்பில் போட்டோ வந்தது, மறுநாளே திருச்சியிலிருந்து கிளம்பிவிட்டேன்.

நான் உள்ளே போகும்போதே செட் ஓடிக்கொண்டிருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இதற்குத்தான் பிறகு வருகிறேன். காபி வந்தது. கடைக்காரருடைய அப்பா மூர் மார்க்கெட்டில் ரேடியோ கடை வைத்திருந்தாராம், 1985-ல் மார்க்கெட் எரிந்தபோது எல்லாம் போய்விட்டதாம். நானும் சின்ன வயதில் அங்கே போயிருக்கிறேன், அதனால் கேட்கும்போதே மனசு இளகிவிட்டது. நான் கொண்டுபோன எல்பி இசைத்தட்டை அவரே துடைத்துப் போட்டார். வயலின் எழுந்த இடத்தில் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் மூடியைக் கழற்றி, "பாருங்க சார், ஃபில்டர் கப்பாசிட்டர் எல்லாம் புதுசு, ஃபுல் ரீகேப், உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் நான் கொடுக்கறது" என்றார். ரீகேப் என்றால் பழைய கப்பாசிட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதிது போடுவது. பளபளவென்று புது கப்பாசிட்டர்தான் தெரிந்தது. 1,10,000 விலை, என்.ஏ.டி.க்கு 22,000 கழித்து மீதி 88,000. "பில் போட்டா ஜிஎஸ்டி ஏறும் சார், நமக்குள்ள எதுக்கு?" என்றார். சரி என்றேன். ஜிபேயில் அனுப்பினேன், கடை பெயருக்கு இல்லை, யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.

வீட்டில் ஆன் செய்ததும் ஸ்பீக்கரில் 'தம்' என்று ஒரு இடி. இந்த மாதிரி ஆம்ப்ளிஃபையரில் ஆன் செய்து சில விநாடி கழித்து உள்ளே ரிலே, அதாவது தானாக இயங்கும் ஒரு ஸ்விட்ச், 'டக்' என்று விழும், அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கருக்கு இணைப்பே போகும். அந்த 'டக்' வரவில்லை. போன் செய்தேன். "பழைய செட் சார், அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றார். நம்பினேன். பன்னிரண்டாவது நாள் சாயங்காலம் வலது பக்கம் கொரகொரவென்று வந்து, நான் எழுந்து போவதற்குள் வூஃபரிலிருந்து, அதான் பேஸ் ஸ்பீக்கரிலிருந்து, புகை.

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கப்பாசிட்டர் புதுசே இல்லை, பழைய டப்பாவுக்கு மேலே புது உறை சுற்றியிருக்கிறது. அவுட்புட் டிரான்சிஸ்டர் டூப்ளிகேட், அதன் மேலிருந்த எழுத்தைத் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்ததும் அழிந்து வந்துவிட்டது. அந்தக் காலத்து சான்சூயி போர்டுகளில் ஒட்டியிருக்கும் பசை வயதாகிப் பழுப்பேறி பார்ட்ஸின் காலை அரித்துவிடும், ரீகேப் செய்கிறவர்கள் முதலில் சுரண்டுவதே அதைத்தான். இதில் அது அப்படியே கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கெட்டுப்போன ரிலேயை மாற்றாமல் அதன் குறுக்கே ஒயரைப் போட்டு நேராக சால்டர் வைத்திருக்கிறார்கள். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதும் டிசி, அதாவது ஸ்பீக்கருக்குப் போகவே கூடாத நேர் மின்சாரம், நேராக ஸ்பீக்கருக்குள் போய்விட்டது. ரிலே வேலை செய்திருந்தால் என் வூஃபர் பிழைத்திருக்கும். கடையில் செட்டை முன்னாடியே ஓட விட்டிருந்தது, ஆன் செய்யும்போது வரும் அந்த இடி என் காதில் விழக் கூடாது என்றுதான், அங்கே நிற்கும்போதுதான் விளங்கியது.

அப்புறம் கடைக்காரருடைய பேச்சே மாறிவிட்டது. முதல் நாள் "உங்க வீட்டு வோல்டேஜ் சரியில்ல சார்." இரண்டாவது தடவை, சர்வீஸ் பையன் ஊருக்குப் போயிருக்கிறான். மூன்றாவது தடவை, வெளி ஆளிடம் கொடுத்துத் திறந்துவிட்டீர்கள், இனி என் பொறுப்பில்லை. பணம் வேண்டாம், என்.ஏ.டி.யையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். "அது அடுத்த நாளே போயிடுச்சே சார்." நேற்று பிளாக் செய்துவிட்டார். நேற்று ராத்திரியே ஒரு பழைய சாமான் விளம்பரத்தில் என் என்.ஏ.டி.யைப் பார்த்தேன், 38,000 ரூபாய் என்று போட்டிருந்தது. வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் என் மகள் மூன்று வயதில் ஸ்பூனால் கீறிய கோடு. அது எனக்குத் தெரியாதா!

88,000 ரூபாய். ரிட்டயர்மென்ட் பணத்திலிருந்து எடுத்தது. வூஃபர் செலவு தனி. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன், கையில் இருப்பது ஜிபே ரசீதும் வாட்ஸாப் பேச்சும்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. செட் ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கச் சொல்லுங்கள், ஆறட்டும், பிறகு நீங்களே ஆன் செய்து ரிலே விழுகிறதா என்று கேளுங்கள். ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் அந்த முனைகளில் மல்டிமீட்டர் வைத்து டிசி பாருங்கள், 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மெக்கானிக்கைக் கூடவே கூட்டிப்போங்கள். பில் இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பழைய செட்டை அன்றைக்கே கையோடு விட்டுவிட்டு வராதீர்கள்.

அந்த என்.ஏ.டி. 3020-ஐ யாராவது வாங்கியிருந்தால், வால்யூம் குமிழுக்கு வலது பக்கம் வளைந்த கீறல் இருக்கும், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த விலையையே கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்.