பழைய பிக்கப்புக்கு முன் டிஸ்க் பிரேக்: கிட் வாங்குவதா, அடுத்த தலைமுறை வண்டியிலிருந்து கழற்றுவதா?

முன் சக்கரத்திலும் டிரம் பிரேக் (சுழலும் உருளைக்குள் ஷூ எனும் வளைந்த கட்டைகள் விரிந்து அழுத்துவது) உள்ள பழைய பிக்கப்பைச் சுமையோடு மலை இறக்கத்தில் ஓட்டியவர்களுக்கு அந்த அனுபவம் மறக்காது. முதல் இரண்டு வளைவுகளில் கச்சிதமாகப் பிடித்த பிரேக், ஐந்தாவது வளைவில் எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பதில்லை. சூட்டில் டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது. ஷூவின் மேலுள்ள உராய்வுப் பூச்சான லைனிங்கும் பிடிப்பை இழக்கிறது. டிஸ்க் பிரேக்கில் சுழலும் தட்டை இருபுறமும் பேட் எனும் கட்டைகள் கவ்வுகின்றன; தட்டு சூடானால் விலகிப்போக இடமில்லை, திறந்த காற்றில் சீக்கிரம் ஆறியும்விடுகிறது. அதனால்தான் முன்பக்கத்தை மாற்றும் எண்ணம் வருகிறது. எதைக்கொண்டு மாற்றுவது என்பதில்தான் பலர் தவறான இடத்தில் பணத்தைப் போடுகிறார்கள்.

டிரம்மையே செப்பனிடுவதும் ஒரு வழி. அதை எடுத்தவுடன் ஒதுக்கக்கூடாது. டிரம்மில் ஷூ தன்னைத்தானே சுழற்சியின் திசையில் இழுத்து இறுக்கிக்கொள்ளும். எனவே பூஸ்டர் (கால் அழுத்தத்தைப் பெருக்கும் கருவி) இல்லாமலே நல்ல பிடி கிடைக்கிறது. டிரம்மைக் கடைந்து, புது ஷூ, ஷூவைத் தள்ளும் புது வீல் சிலிண்டர், புது ஹோஸ் போட்டால் சமவெளியில் சுமையின்றி ஓடும் வண்டிக்கு அது போதும். ஆனால் அதே இழுக்கும் குணம்தான் தண்ணீரில் இறங்கி ஏறியதும் வண்டியை ஒரு பக்கமாகத் திருப்புகிறது: ஒரு டிரம் ஈரம், மற்றது சற்றுக் காய்ந்தது என்றால் அந்தச் சிறு வேறுபாடு பல மடங்காகிவிடும். இந்த வழியில் நிற்பவர்களிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். 1960-களின் முற்பாதி பிக்கப்களில், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். டிஸ்க்கைப் பற்றி யோசிக்கும் முன்பே அதை இரட்டை அறை சிலிண்டராக மாற்றியாக வேண்டும்.

என் வாக்கு இரண்டாவது வழிக்குத்தான்: அதே வண்டியின் அடுத்த தலைமுறையிலிருந்து முன்பக்க உறுப்புகளை மொத்தமாக எடுத்து மாட்டுவது. செவ்ரோலெட் சி10 பிக்கப்பில் 1971-லும் ஃபோர்டு எஃப்-100-இல் 1973-லும் முன் டிஸ்க் வழக்கமான அமைப்பாகவே வந்துவிட்டது. 1965 முதல் 1972 வரையிலான எஃப்-100 வைத்திருப்பவர்கள், 1973–79 வண்டியின் இரட்டை ஐ-பீம் அச்சுகளை, சக்கரம் சுழலும் தண்டான ஸ்பின்டிலோடும் டிஸ்க்கோடும் சேர்த்தே இறக்கி மாட்டுகிறார்கள். 1960-களின் சி10 வைத்திருப்பவர்கள் 1973–87 தலைமுறையின் முன் கிராஸ்மெம்பரையே (முன்பக்கத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்பின்டில், பேரிங், தட்டு, பேட்களை அழுத்தும் காலிப்பர் எல்லாம் ஒரே மேசையில் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வடிவமைக்கப்பட்டவை. பத்தாண்டு கழித்து பேட் தேய்ந்தாலும் எந்த வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பது என்று தெரியும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஃபோர்டில் ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. என்ற சக்கர அமைப்பு மாறவில்லை; பழைய ரிம் போல்ட்டுக்குப் பொருந்தும், காலிப்பரில் இடிக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். செவ்ரோலெட்டில் ஆறு போல்ட் 139.7 மி.மீ. அமைப்பு 1971-இல் ஐந்து போல்ட் 127 மி.மீ. ஆகிவிட்டது. முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று நின்றால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது. பின் அச்சையும் சேர்த்து மாற்றும் திட்டம் இல்லாதவர் சி10-இல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

டொயோட்டாவில் கதை வேறு. 1979–85 நான்கு சக்கர இயக்க பிக்கப்பில் டிஸ்க் ஏற்கெனவே உண்டு, ஆனால் காற்றுத் துளையில்லாத ஒற்றைத் தட்டு. லேண்ட் குரூஸர் எஃப்ஜே60-இன் காற்றோட்டத் தட்டையும் பிற்கால வி6 4ரன்னரின் காலிப்பரையும் சேர்த்துப் போடுவது அந்த வண்டிக்காரர்களிடையே பழகிய முறை. செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இதற்கு இணையாக நான் எதையும் பார்த்ததில்லை.

மூன்றாவது, பெட்டியில் வரும் கிட். பழைய ஸ்பின்டிலிலேயே ஒரு பிராக்கெட்டை மாட்டி, அதில் காலிப்பரைத் தொங்கவிடும் ஏற்பாடு. துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, எல்லாம் புதுசு, ஒரு வார இறுதியில் முடியும். இந்த வசதி உண்மையானது. ஆனால் சில கிட்களில் தட்டு வெளிப்புறம் தள்ளி உட்கார்வதால் சக்கரம் இருபுறமும் வெளியே நீண்டு, திருப்பும்போது டயர் மட்காட்டில் உரசும். வாங்கும்முன் விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பேட், தட்டு, பேரிங் மூன்றும் எந்த வண்டியுடையவை? பதில் வராவிட்டால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

நான்கு பிஸ்டன் காலிப்பர் மீதான மோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அழுத்தும் விசையைத் தீர்மானிப்பது பிஸ்டன்களின் எண்ணிக்கை அல்ல, ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு. 1970-களின் சி10-இன் ஒற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 75 மி.மீ. விட்டம், பரப்பு சுமார் 44 சதுர செ.மீ. பக்கத்துக்கு இரண்டாக 45 மி.மீ. பிஸ்டன்கள் நான்கு கொண்ட பளபளப்பான காலிப்பரில் ஒரு பக்கத்துப் பரப்பு 32 சதுர செ.மீ.தான். அதே பெடல் அழுத்தத்தில் அது குறைவாகவே அழுத்தும். பேட் சீராகத் தேயும், பெரிய தட்டு சூட்டைத் தாங்கும் என்பவை நியாயமான காரணங்கள். "நான்கு என்பதால் இரு மடங்கு" என்பது காரணமே அல்ல.

எந்த வழியில் போனாலும் வேலை முன் சக்கரத்தோடு முடிவதில்லை. டிரம்மின் சின்ன வீல் சிலிண்டருக்கு ஆயில் தள்ளிய மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டு 75 மி.மீ. பிஸ்டனை நகர்த்தச் சொல்வது அநியாயம். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து ஆயிலை வாங்கிக்கொள்ளும். டிரம்முக்கான சிறிய அறை வற்றிவிடும். டிரம் லைனில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு டிஸ்க் லைனில் இருந்தால், பேட் தட்டை உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும். டிஸ்க்குக்குத் தன்னை இறுக்கும் குணம் இல்லாததால் பெரும்பாலும் பூஸ்டரும் வேண்டும். அப்போது பெடல் நெம்புகோல் விகிதமும் 6-க்கு 1 என்பதிலிருந்து 4-க்கு 1 அருகே இறங்க வேண்டும், இல்லையேல் தொட்டதும் கவ்வும். பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைத் தவிர்த்தால், காலி வண்டியில் பின் சக்கரம் முதலில் பூட்டி, ஈரச் சாலையில் வால்பகுதி சுற்றிவிடும்.

ஒருமுறை மாட்டி முடித்து ஏர் எடுக்க, அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற, உட்கார்ந்தோம். ஒரு லிட்டர் ஆயில் போயும் பெடல் பஞ்சுபோலவே இருந்தது. கண்ணாடிக் குழாயில் குமிழியே இல்லை, பெடலோ தரையைத் தொட்டது. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இடது காலிப்பர் வலப்புறம், வலது இடப்புறம். ஏர் நிப்பிள் அடியில் இருந்தது. காற்று மேலே சிறைப்பட்டிருந்தது. இடம் மாற்றினோம், ஹோஸ் முனையின் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டோம். அப்போதும் பெடல் பாதி தூரம் இறங்கியது. பின் டிரம்முக்குக் கீழே படுத்து, அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக, ஷூ மெல்ல உரசும் ஓசை கேட்கும்வரை திருப்பினேன். பெடல் மேலே வந்து நின்றது.