குஸ்மேனியாவா, நியோரெகெலியாவா? சமவெளித் தோட்டத்துக்கான புரோமெலியாட் தேர்வு

நர்சரிகளில் புரோமெலியாட் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு செடிகளைக் காட்டுவார்கள். முதலாவது குஸ்மேனியா: பளபளக்கும் பச்சை இலைகளின் நடுவிலிருந்து சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு பூந்தண்டு எழுந்து நிற்கும். இரண்டாவது நியோரெகெலியா: தண்டே இல்லாமல் தட்டையாக விரிந்து, நடுக்குழி மட்டும் சிவந்திருக்கும். வாங்க வருபவரின் கை இயல்பாக முதலாவதை நோக்கித்தான் போகும். ஆனால் சென்னை முதல் தூத்துக்குடி வரையுள்ள வெப்பமான சமவெளியில், பல ஆண்டுகள் நிலைக்க வேண்டிய செடி எது என்று கேட்டால், நான் இரண்டாவதையே சொல்வேன்.

இரண்டும் புரோமெலியாட் எனப்படும் அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட அக்குடும்பத்தில், மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஒரே ஓர் இனம் நீங்கலாக மற்ற எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. குஸ்மேனியாக்களில் பெரும்பாலானவை மத்திய அமெரிக்காவிலும் ஆண்டிஸ் மலைச்சரிவுகளிலும் உள்ள ஈரக்காடுகளில், மரநிழலில் வளர்பவை. ஆகவே அவற்றின் இலை மென்மையானது, ஓரத்தில் முள் இருக்காது. நியோரெகெலியாக்களில் பல, பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காடுகளில், வெயில் ஊடுருவும் கிளைகளிலும் கடலோர மணல்வெளிகளிலும் வளர்பவை. அவற்றின் இலை தடித்து, ஓரத்தில் சிறு முட்களோடு விறைப்பாக இருக்கும். நம் ஊரில் இவ்விரண்டும் நடந்துகொள்ளும் விதத்துக்குக் காரணம் இந்தப் பிறப்பிட வேறுபாடுதான்.

மே மாதத்தில் மேற்கு வெயில் ஒரு மணி நேரம் பட்டாலும் குஸ்மேனியாவின் இலை வெளுத்துக் கருகும். அனல்காற்று வீசினால் வெயில் படாத இடத்திலும் நுனிகள் காயும். வெளிச்சம் மட்டும் வரும் வடக்குப் பார்த்த பால்கனியே அதற்குப் பாதுகாப்பான இடம். நியோரெகெலியாவோ அதே பால்கனியில் நிறம் இழந்து, இலைகள் நாடாபோல் நீண்டு, வெறும் பச்சைச் செடியாகிவிடும். அதற்குக் காலை வெயிலோ, ஐம்பது விழுக்காட்டு நிழல்வலையின் கீழ் நாள் முழுதும் பளிச்சென்ற வெளிச்சமோ வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டாலும் நிறம் மங்கும். வெளிச்சம் வேண்டும் என்பதற்காகக் கத்தரி வெயிலின் உச்சிவேளையில் மொட்டைமாடியில் திறந்து வைத்துவிடக் கூடாது. நர்சரி நிழலிலிருந்து வந்த செடியைச் சில வாரங்களில் படிப்படியாகத்தான் வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

பூவின் கணக்கிலும் இதே வேறுபாடு உண்டு. குஸ்மேனியாவில் நாம் பூவென்று பார்ப்பது நிறமேறிய பூவடிச் செதில்கள். அவை இரண்டு முதல் நான்கு மாதம்வரை நிற்கும். அதன்பின் தாய்ச்செடி மறுபடி பூக்காது. பக்கக்கன்றுகளை விட்டுவிட்டு மெல்ல மடியும். அந்தக் கன்று வளர்ந்து பூக்கும் பருவத்தை அடைய ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். வளர்ந்த பிறகும் தானாகப் பூக்கும் என்ற உறுதியில்லை. அன்னாசி விவசாயிகள் எத்ரல் என்ற மருந்தை ஊற்றிப் பூக்க வைப்பதைப் போலத்தான் வணிகப் பண்ணைகளும் பழுக்கும் பழங்கள் வெளிவிடும் வாயுவான எத்திலீனைத் தூண்டும் மருந்தைக் கொண்டு இதைப் பூக்க வைத்து விற்கின்றன. வீட்டில், இலைகளின் நடுக்குழியில் தேங்கியுள்ள நீரை வடித்துவிட்டு, பழுத்த ஆப்பிள் ஒன்றோடு செடியைப் பாலித்தீன் பையால் மூடி ஒரு வாரம் நிழலில் வைப்பது பழைய உத்தி. நியோரெகெலியாவில் இந்தக் காத்திருப்பு இல்லை. அதன் அழகு இலையிலேயே இருப்பதால், குழிநீருக்குள் தலைகாட்டும் சிறு பூக்கள் வந்தாலும் வராவிட்டாலும் செடி ஆண்டு முழுவதும் பார்க்கத் தகுந்ததாக இருக்கும். தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்த கன்றைப் பிரித்து நட்டால், சில ஆண்டுகளில் ஒரு செடி ஒரு பாத்தியாகிவிடும்.

நியோரெகெலியாவின் பெரிய குறை கொசு. இரண்டுமே இலைக்குழியில் நீர் தேக்குபவை என்றாலும், அகன்ற குழியும் எண்ணற்ற இலை இடுக்குகளும் உள்ள இதில் நீர் அதிகம் நிற்கும்; டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். 2016இல் கொசுவால் பரவும் ஜிகா காய்ச்சல் பரவியபோது, அமெரிக்காவின் மயாமி பீச் நகர நிர்வாகம் பொது இடங்களிலிருந்த புரோமெலியாட்களை அகற்றவே செய்தது. தொட்டியாக இருந்தால் வாரம் ஒருமுறை கவிழ்த்து நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றலாம். தரையில் நட்டதைக் கவிழ்க்க முடியாது. ரப்பர் குழாயின் வேகமான நீரால் குழியை அலசித் தள்ள வேண்டும். கொசுவுக்கென்று எண்ணெய் ஊற்றினால் செடி செத்துவிடும். பூஞ்சணத்துக்குப் போர்டோ கலவையோ வேறு தாமிர மருந்தோ தெளிப்பதும் அப்படித்தான். தாமிரம் இந்தக் குடும்பத்துக்கே நஞ்சு.

தொட்டியா, தரையா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. நிலத்தோட்டக்கலைஞர் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ் பிரேசில் தோட்டங்களில் புரோமெலியாட்களைத் தரையில் கூட்டமாக நட்டுப் புகழ்பெற்றார் என்பது உண்மையே. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே களிமண்ணிலும் கரிசலிலும் நட்டால் ஐப்பசி மழையில் அடி அழுகிவிடும். இவற்றின் வேர் முக்கியமாகப் பற்றிக்கொள்ளத்தான். ஆகவே ஐந்தாறு அங்குலத் தொட்டியில் தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, உடைத்த செங்கல் ஆகியவற்றை நிரப்பினால் போதும். தொழு உரமும் செம்மண்ணும் தேவையில்லை. பாத்தியில்தான் வேண்டும் என்பவர்கள் மேடான இடத்தில் தொட்டியோடு புதைத்து வைப்பது நல்லது. சேதமான செடியை அடுத்ததைத் தொடாமல் மாற்றலாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் குழியில் வற்றி வற்றி இலையில் வெள்ளைக்கறை படியும் என்பதால், இரண்டுக்குமே மழைநீரைச் சேமித்து ஊற்றுவது மேல். இதில் குஸ்மேனியாவுக்குத்தான் பொறுமை குறைவு.

ஏற்காடு, குன்னூர் போன்ற இடங்களில் இந்தத் தீர்ப்பு ஓரளவு மாறும். அங்குள்ள ஈரக்காற்றில், கடுங்குளிர் நாட்களில் உள்ளே எடுத்து வைத்தால், குஸ்மேனியா நன்றாகவே வரும். உறைபனி விழும் உதகையில் இரண்டையும் வெளியில் விடக் கூடாது. சமவெளியில் குஸ்மேனியாதான் வேண்டும் என்பவர்கள், செதில்களுக்கிடையே சிறு பூக்கள் இன்னும் மலரத் தொடங்காத செடியைக் கார்த்திகை, மார்கழியில் வாங்கினால், கோடைக்குள் அதன் நிறத்தை முழுமையாக அனுபவித்துவிடலாம்.