கரவனில ஒழுக்கு அடைக்கக் குடுத்து 285,000 ரூபா போச்சு, திருகோணமலை ஆக்கள் கவனம்

நேத்து ராத்திரி உப்புவெளியில அடிச்ச மழையில கட்டிலுக்குக் கீழ திரும்பவும் தண்ணி. வேலை செய்து முடிச்சு முதல் மாரி இதுதான். 285,000 ரூபா குடுத்த வேலை!

சித்தப்பா இங்கிலாந்தில இருந்து அனுப்பின கரவன், வாகனத்துக்குப் பின்னால கொழுவி இழுத்துக்கொண்டு போற சின்ன வீடு மாதிரி, கனகாலமா வச்சிருக்கிறம். கனக்கக் கரவனுகள்ல ராவானா சீற்றை மடிச்சுத்தான் படுக்கை போடோணும், இதில பின்பக்கம் எப்பவும் விரிச்சபடியே இருக்கிற கட்டில். அம்மாவுக்கு இடுப்பு வருத்தம், குச்சவெளிப் பக்கம் பாசிக்குடாப் பக்கம் எங்க போனாலும் அவ நிம்மதியாப் படுக்கிற இடம் அது. ஆனா அந்தக் கட்டிலுக்குக் கீழ பெட்டி மாதிரி மூடின இடம், காத்துப் போகாது. கூரையும் பக்கச் சுவரும் சேருற இடத்தில ஓடுற அலுமினியத் தண்டுக்கால தண்ணி இறங்கினா சுவருக்குள்ளாலேயே வந்து அந்த மூலையிலதான் நிக்கும், வெளியில ஒண்டும் தெரியாது. எங்களுக்கு முதல் தெரிஞ்சது மெத்தையின்ர அடிப்பக்கக் கறுப்புப் பூஞ்சணம்தான்.

கரவன் திருத்துற ஆக்கள் இங்க ஆர் இருக்கினம், அதால பைபர் போட் திருத்துற ஒரு இடத்தைக் கேட்டம். வந்த மனுசன் மெத்தையைத் தூக்கி, பலகையைக் கழட்டி, குந்தியிருந்து விரலால தட்டித் தட்டிப் பாத்தவர். ஸ்க்ரூடிரைவரை மூலையில வச்சு அமத்த அது பாதிவரைக்கும் உள்ள போச்சு. "அம்மா, இது மேற்பூச்சு வேலை இல்ல, தண்டைக் கழட்டி, பழைய பசையை முழுக்கச் சுரண்டி, உக்கின பலகையை வெட்டி எடுத்துத்தான் செய்யோணும்" எண்டார். சரியான வேலையே அதுதான், அதை அவர் வாயாலயே கேட்டவுடன அம்மாவே உள்ள போய்க் காசை எடுத்துக்கொண்டு வந்து குடுத்தவ. தேத்தண்ணி குடிச்சிட்டு "உங்கட மகன் மாதிரி நினையுங்கோ" எண்டுட்டுப் போனவர்.

இண்டைக்கு விடியக் கழட்டிப் பாத்தா தண்டு கழட்டவே இல்ல. பழைய ஸ்க்ரூ துருவோட அப்பிடியே இருக்கு, அதுக்கு மேல வெள்ளைச் சிலிக்கன் பூசிவிட்டிருக்கு. உக்கின பலகையும் அங்கேயே, மேல புதுப் பிளைவூட் ஒட்டி வெள்ளைப் பெயின்ற். ஈரத்தை உள்ள வச்சு மூடினா நல்லா இருந்த பக்கமும் உக்கும், அதுவும் இந்தக் கடல் காத்தில. இனி அந்தச் சிலிக்கனைச் சுரண்டி எடுக்கிறதே தனி வேலை, அது கிடக்கிற இடத்தில வேற பசை ஒண்டும் பிடிக்காது.

போன் எடுத்தா முதல் "மழை விடட்டும் அண்ணை, ஈரத்தில ஒண்டும் செய்யேலாது". பிறகு எடுத்தது ஒரு பெடியன், "முதலாளி கொழும்புக்குப் போட்டார்". நேர போனா முதலாளி அங்க கதிரையில இருக்கிறார்! "பழைய சாமான் அப்பிடித்தான் ஒழுகும், நீங்க உள்ள தண்ணி கிண்ணி ஊத்தினீங்களோ" எண்டு என்னையே கேக்கிறார். அம்மாவுக்கு முன்னால மகன் எண்டு சொன்ன அதே வாய். பில்லைக் காட்டினா அதில "கரவன் வேலை 285,000" எண்டு மட்டும் கிடக்கு, என்ன வேலை எண்டு ஒரு சொல் இல்ல. அம்மா சீட்டுக் கட்டிச் சேத்த காசு அந்த 285,000.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு குடுக்கப் போறன், 1977 எண்ட நம்பருக்கு அடிச்சா எடுப்பினம். அதால இப்ப பேர் போடேல்ல.

கரவனோ, வானுக்குள்ள படுக்கை அடிச்சு வச்சிருக்கிறவையோ, கழட்டின நிலையில போட்டோ கேளுங்கோ, உக்கின பலகையைக் கண்ணால கண்டாப் பிறகு புதுசைப் போடச் சொல்லுங்கோ. சிலிக்கன் எண்டா வேண்டாம் எண்டுடுங்கோ, தண்டுக்குக் கீழ போடுறதுக்கு பியூட்டைல் எண்டு ரப்பர் மாதிரிப் பசை நாடா இருக்கு. பில்லில ஒவ்வொரு வேலையும் எழுதோணும். கடைசிக் காசு குடுக்க முதல் கூரையில ஹோஸ் பிடிச்சு நல்லா நேரம் தண்ணி அடிச்சுப் பாருங்கோ. வேற என்னமும் இருந்தா பிறகு எழுதுறன், இப்ப அம்மான்ர மெத்தையை வெளிய எடுத்துப் போடோணும், திரும்ப இருட்டிக்கொண்டு வருது.