சூப்பர் சி-யா, கான்ட்ரா ஃபோர்ஸா?

ரெண்டுமே ஜப்பானிய நிறுவனமான கோனாமி வெளியிட்ட வீடியோ கேம்கள், ரெண்டுமே நின்டெண்டோவின் பழைய 8-பிட் என்.இ.எஸ். கன்சோலில் ஓடியவை, ரெண்டிலும் வேலை ஒன்றுதான்: ஓடு, குதி, சுட்டுக்கொண்டே இரு. சூப்பர் சி வட அமெரிக்காவுக்கு வந்தது 1990-இல், கான்ட்ரா ஃபோர்ஸ் 1992-இல். சூப்பர் சி-யை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், கான்ட்ரா ஃபோர்ஸைச் சுமார் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து விளையாடிப் பார்த்தேன். அந்தச் 'சுமார்' சரியான தீர்ப்புதான், ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி தப்பு.

முதலில் கான்ட்ரா ஃபோர்ஸைப் பற்றி எல்லோரும் சொல்வது, "இது உண்மையான கான்ட்ராவே இல்லை" என்பது (கான்ட்ரா என்பது சூப்பர் சி-யும் அடங்கிய கேம் வரிசை). அது உண்மைதான். ஜப்பானில் ஆர்க் ஹவுண்ட் என்ற பெயரில் வரவேண்டிய தனி கேம் இது, அங்கே ரத்தாகிவிட்டது, அமெரிக்காவில் மட்டும் கான்ட்ரா என்ற பெயரோடு வந்தது. அதனால்தான் கான்ட்ரா கேம்களில் வழக்கமாக வரும் வேற்றுக்கிரகவாசி இதில் கிடையாது, எதிரிகள் எல்லாம் சாதாரண மனிதர்கள். இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. பெயரை மறந்துவிட்டு விளையாடினால் போதும்.

சரி, சுடுவதற்கு வருவோம். சூப்பர் சி-யில் எழுத்து போட்ட பவர்-அப் பறந்து வரும், எடுத்தால் துப்பாக்கி மாறும். 'எஸ்' (ஒரே நேரத்தில் பல திசையில் குண்டு விரியும் துப்பாக்கி) கிடைத்தால் அதைக் கடைசிவரை விடவே கூடாது, வேறு எழுத்து வந்தால் விலகி ஓட வேண்டும். யோசிக்க நேரமே இல்லை, அதுதான் அதன் அழகு. கான்ட்ரா ஃபோர்ஸில் பெட்டி பெட்டியாகச் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே உள்ள பட்டியில் குறி ஒரு கட்டம் நகரும், வேண்டிய ஆயுதத்தில் வந்து நிற்கும்போது நாமே இயக்கிக்கொள்ளலாம். கோனாமியின் விண்கலச் சுடும் கேமான கிரேடியஸை ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். இப்போதே சின்ன ஆயுதத்தை எடுப்பதா, இன்னும் ரெண்டு பெட்டி பொறுத்துப் பெரியதாக எடுப்பதா என்று ஓடிக்கொண்டே கணக்குப் போடுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆட்களும் அப்படித்தான். பர்ன்ஸ், ஸ்மித், அயர்ன், பீன்ஸ் என்று நாலு பேர், ஒவ்வொருவருக்கும் தனி ஆயுதங்கள், தனி உயிர்கள். அயர்ன் நெருப்பைக் கக்குவான், பீன்ஸ் குண்டு வைப்பான். ஆட்டத்தை நிறுத்தி நடுவிலேயே ஆளை மாற்றலாம், இல்லை, இன்னொருவனைச் சில நொடிகள் துணைக்குக் கூப்பிடலாம். ஒருவனுக்கு உயிர் எல்லாம் போனால் அவன் அவ்வளவுதான், மிச்சம் இருப்பவர்களை வைத்துச் சமாளிக்க வேண்டும், அதனால் ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸுக்கு யாரை அனுப்புவது, யாரைப் பத்திரப்படுத்துவது என்ற கேள்வி கூடவே வருகிறது. சூப்பர் சி-யில் இரண்டு வீரர்களுக்கும் நிறம்தான் வித்தியாசம்.

அப்புறம் ஏன் கான்ட்ரா ஃபோர்ஸ் தோற்கிறது? வேகம். திரையில் மூன்று நான்கு எதிரிகள் சேர்ந்து, கூடவே குண்டும் வெடித்தால், ஆட்டமே தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாகிவிடுகிறது. இந்த கன்சோல் நொடிக்குச் சுமார் 60 ஃபிரேம் காட்டும். ஒரு ஃபிரேமுக்கான கணக்கை அதற்குள் முடிக்காவிட்டால் அடுத்த ஃபிரேம் வரை காத்திருக்க வேண்டும், வேகம் அங்கேயே பாதியாகிவிடும். (உருவங்கள் மினுக்குவது வேறு விஷயம். ஒரே கிடைக்கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுக்கு, அதாவது நகரும் சின்னப் படத்துண்டுகளுக்கு, மேல் காட்ட முடியாததால் வருவது அது.) பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் அதே 1.79 மெகாஹெர்ட்ஸ் செயலியில்தான் இரண்டு வருடம் முன்னால் வந்த சூப்பர் சி இவ்வளவு சீராக ஓடுகிறது. இப்படி ஓடிக்கொண்டே சுடும் ரன்-அண்ட்-கன் கேமில் குதிக்கும் நேரம் விரலில் பதிய வேண்டும். வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் எதுவும் பதியாது, தப்பித்தோம் என்று நினைத்த இடத்தில் ஆள் விழுந்து கிடப்பான். இரண்டு பேராக ஆடினால் இன்னும் மோசம்.

ஸ்டேஜ்கள் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மேலிருந்து பார்க்கும் ஸ்டேஜ்கள் இரண்டிலும் உண்டு, சூப்பர் சி-யில் மொத்தம் எட்டு, ஃபோர்ஸில் ஐந்து.

நண்பரோடு உட்கார்ந்து ஆட ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்றால் சூப்பர் சி, யோசிக்கவே வேண்டாம். ஆனால் அதை முடித்துவிட்டவர்கள் தனியாக ஒருமுறை கான்ட்ரா ஃபோர்ஸை எடுங்கள், முடிந்தால் ஓவர்கிளாக் (செயலியின் வேகத்தைக் கூட்டும்) வசதி உள்ள எமுலேட்டரில், அதாவது பழைய கன்சோலைப்போலவே கணினியில் கேமை ஓட்டும் மென்பொருளில். மெசன் என்ற எமுலேட்டரில் அந்த வசதி இருக்கிறது. அதைப் போட்டால் இழுவை பெருமளவு குறைகிறது, அயர்னை எப்போது இறக்குவது என்ற யோசனையில் கவனம் போகிறது.