ஸ்கேனர் மேல் குறையில்லை, நான்கு நட்சத்திரம்

கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். தாள்களைக் கட்டாக மேலே வைத்தால் ஒவ்வொன்றாக இழுத்து, இரண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடும் ஷீட் ஃபீடர் ஸ்கேனர் ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. நிமிடத்துக்கு 40 தாள் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. பொய்யில்லை, மடிப்பில்லாத ஏ4 தாள் என்றால் ஓடும். எனக்கு வருவது வேறு ரகம்.

போன மாதம் ஒருவர் ஒரு வருஷத்து ரசீதுகளைத் தலையணை உறைக்குள் திணித்துக் கொண்டுவந்தார். "எல்லாம் வரிசையா இருக்கு சார்." இருந்தது. தொலையக்கூடாதென்று ஒன்றோடொன்று செலோடேப் போட்டு ஒட்டி, ஒரே நாடாவாகச் சுருட்டியிருந்தார்! பிரித்து, கசங்கியதையெல்லாம் கூடவே வந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அனுப்பினேன், அழகாக எடுத்தது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனால் சென்சார் உடனே நிறுத்திவிடுகிறது, அதற்கே தனியாக ஒரு கும்பிடு.

ஸ்டேப்ளர் பின்தான் எமன். கவனிக்காமல் விட்ட ஒரு பின் உள்ளே கண்ணாடியைக் கீறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த பக்கமெல்லாம் மேலிருந்து கீழே ஒரு கோடு. ஒரு பில்லில் அது தொகைக்கு முன்னால் விழுந்து, 400 என்பது 1400 ஆகிவிட்டது. கண்ணாடியை மாற்றும்வரை ஒவ்வொரு எண்ணையும் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

வாங்குகிறவர்கள் முதல் வேலையாக, வெற்றுப் பக்கத்தைத் தானே நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தெர்மல் ரசீது சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கிப்போகும். மங்கியதை வெற்றுத்தாள் என்று எண்ணி இது சத்தமில்லாமல் தூக்கிவிடுகிறது. எண்ணிப் பார்த்ததால் தப்பித்தேன்: 62 போட்டேன், 57 வந்தது.

வாட்ஸ்அப்பில் வருவதற்கு இந்த இயந்திரம் என்ன செய்யும்? பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி வீடியோ எடுத்து அனுப்புகிறவர் இருக்கிறார். பின்னணியில் டிவி ஓடுகிறது, நடுவில் கட்டைவிரல்.

ஒழுங்காக பிடிஎஃப் அனுப்பிக்கொண்டிருந்த ஒரே ஒருவரும் இருந்தார். நான் ஸ்கேனர் வாங்கியது அவர் காதுக்கு எட்டிவிட்டது. இப்போது அந்த பிடிஎஃப்களையெல்லாம் பிரிண்ட் எடுத்து, பின் அடித்து, நேரில் கொண்டுவந்து தருகிறார்.