தோட்டத்து நாயைக் கூப்பிட: குரலா, விசிலா, நீளக் கயிறா, ஷாக் பெல்ட்டா?

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் நாயை இரவு அவிழ்த்துவிட்டு, காலையில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் பிடித்துக் கட்டுவது வழக்கம். பல வீடுகளில் சிக்கல் அப்போதுதான் தெரியவரும். "மணி, வா வா" என்றால் நாய் வருகிறது; ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று வாலை ஆட்டுகிறது. நாம் ஒரு எட்டு வைத்தால் அது ஒரு எட்டு பின்னால் போகிறது. புத்தி கெட்ட நாய் என்று திட்டுகிறோம். அதன் புத்தியில் ஒரு குறையும் இல்லை. "வா" என்றால் சங்கிலி என்று தினமும் கற்றுக்கொடுத்தோம், அது கற்றுக்கொண்டது.

அதனால் எந்த முறையை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கூப்பிட்டு வந்த நாய்க்கு அடுத்த நொடி என்ன கிடைக்கிறது?

"ஏனுங்க, காட்டுல கெடக்கற நாய்க்கு இத்தனை எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் பக்கம் தடுப்புச் சுவர் இல்லாத கிணறுகள் இன்னும் இருக்கின்றன. கீழ்பவானி வாய்க்காலிலோ பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலிலோ தண்ணீர் விட்டிருக்கும்போது உள்ளே இறங்கிய நாய் சாய்வான கரையில் ஏற முடியாமல் தவிக்கும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற வேதனையை எல்லாரும் அறிவோம். அங்கே அடுத்தவர் கொறங்காட்டுக்குள் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்குள்) உங்கள் நாய் ஓடினால், அது ஆட்டைத் தொடாவிட்டாலும் பழி வரும். ஒரு குரலில் திரும்பும் நாய்தான் பிழைக்கும்.

முதலில் குரல். செலவில்லை, வீட்டில் மறந்துவிட்டு வரவும் முடியாது. ஆனால் ஆத்தா ஒரு மாதிரி கூப்பிடுவார், பேரன் ஒரு மாதிரி, பண்ணையத்து ஆள் வேறு மாதிரி. கோபமாக இருந்தால் அதே சொல் மிரட்டலாகிவிடும். இன்னொரு குறை, பெயரை நாள் முழுக்கச் செலவழித்துவிடுகிறோம். "மணி, சும்மா இரு", "மணி, அந்தப் பக்கம் போ" என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பெயருக்கு வா என்ற பொருளே இல்லாமல் போகிறது. குரலையே நம்புவதென்றால் வருவதற்கு மட்டும் ஒரு தனிச் சொல்லை வைத்து, வீட்டில் எல்லாரும் அதையே சொல்ல வேண்டும்.

சொல்லைச் சரியாக வைத்தாலும் சில ஊர்களில் குரல் எடுபடாது. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீடு என்றால், தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வேறு. காற்றுக்கு எதிர்த்திசையில் கத்துவது வீண்.

இங்கேதான் விசில் குரலை முந்துகிறது. யார் ஊதினாலும் ஓசை ஏறக்குறைய ஒன்றுதான். அதில் கோபமும் தெரியாது, சலிப்பும் தெரியாது. பழக்குவதும் எளிது. வாசலில் நாய் பக்கத்தில் இருக்கும்போதே ஊதி, உடனே வாயில் ருசியான ஒரு துண்டு. ஊதல் முதலில், தீனி அப்புறம். இந்த வரிசை மாறக் கூடாது. ஊதியதும் தலை சடாரெனத் திரும்புகிறது என்றால் தூரத்தைக் கூட்டலாம். பேருந்து போகும் சாலையோரத்து வீடு என்றால், கண்டக்டர் ஊதுவதுபோல் ஊதிப் பழக்காதீர்கள். தீனி வராத விசிலைத் தினமும் கேட்டால் நாய் அதைப் பொருட்படுத்தாது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று தனி ஊதலாக வையுங்கள்.

மனிதக் காதுக்குக் கேட்காத 'சைலன்ட் விசில்' பற்றியும் கேட்கிறார்கள். அது 1876-இல் ஆங்கிலேய விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன் உருவாக்கிய கருவியிலிருந்து வந்தது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உச்ச ஓசை காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும். சரியாக ஊதினோமா என்று நமக்கும் தெரியாது. தோப்புக்குச் சாதாரண விசிலே மேல். அதை மோட்டார் ரூம் சாவியோடு கோத்துவிடுங்கள். ஆணியில் தொங்கும் விசிலால் பயனில்லை.

தீனியிலும் கவனம் வேண்டும். நாமக்கல் முட்டை சும்மாவா இருக்கிறது? அவித்து நறுக்கினால் ஒரு முட்டையில் நிறையத் துண்டுகள் கிடைக்கும். வேகவைத்த கோழி ஈரலும் நல்லது. குழம்பில் கிடந்த கறியைக் கொடுக்காதீர்கள்; சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் எதுவானாலும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எப்போதும் கிடைக்கும் சோறு, பிஸ்கட்டுக்காக எந்த நாயும் மயிலை விட்டுவிட்டு வராது.

அந்த மயில்தான் குரலுக்கும் விசிலுக்கும் பொதுவான எதிரி. நீங்கள் ஊதுகிறீர்கள், நாய் காதில் வாங்காமல் மயிலைத் துரத்துகிறது. மயில் பறந்துவிட்டது, நாய்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று நினைக்கிறோம். துரத்தல்தான் அதற்குக் கிடைத்த பரிசு. வராமல் இருந்ததற்கு முட்டையைவிடப் பெரிய பரிசு. இப்படிச் சில தடவை நடந்தால் வாசலில் பழக்கியதெல்லாம் போய்விடும். அந்த வழியை அடைப்பதற்குத்தான் நீளக் கயிறு. அதனால் கயிற்றை நான் குரலுக்கும் விசிலுக்கும் போட்டியாக நிறுத்த மாட்டேன். அது இல்லாமல் அவை இரண்டும் அரைகுறை.

பத்து மீட்டர் அளவுக்கு ஒரு உறுதியான கயிறு போதும். கழுத்து பெல்ட்டில் மாட்டாதீர்கள். வேகமாக ஓடி முனையில் சுண்டினால் கழுத்து அடிபடும். மார்புப் பட்டையில் மாட்டுங்கள். கையில் சுற்றிக்கொண்டால் உங்கள் தோல் உரியும். கயிறு நாயை இழுத்து வருவதற்கல்ல. அது ஓடிப்போய்ப் பரிசு பெறாமல் நிறுத்தத்தான். பிறகு அதுவாகத் திரும்பி வரும்வரை காத்திருந்து தீனியைக் கொடுக்க வேண்டும். தென்னந்தோப்பில் இதைச் செய்யாதீர்கள், சொட்டுநீர்க் குழாயெல்லாம் பிடுங்கிக்கொண்டு வரும். அறுவடை முடிந்த வெறுங்காடு நல்ல இடம்.

பெரியவர்கள் சொல்லும் இன்னொரு வழி, குட்டியைப் பழகிய பெரிய நாயோடு விடுவது. குட்டி அதன் பின்னாலேயே ஓடிவரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது வருவது பெரிய நாய்க்காக. உங்கள் குரலுக்காக அல்ல. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதையே நம்ப முடியாது. தாமதமாக வந்த நாயைக் குச்சியால் ஒரு போடு போடுவது இதைவிடக் கெடுதல். ஓடிப்போனதற்கு அடித்தோம் என்று நாம் நினைப்போம். வந்ததற்கு அடி விழுந்தது என்றுதான் நாய் புரிந்துகொள்ளும்.

ஷாக் பெல்ட் இப்போது ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது. பட்டனை அழுத்தினால் கழுத்தில் மின்அதிர்வு. ஆட்டைத் துரத்தும் நாய்க்கு வேறு வழியே இல்லை என்று விற்கிறார்கள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 63 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். கூப்பிட்டால் வராதது போன்ற தொல்லை உள்ள நாய்கள்தான் அவை. பரிசு கொடுத்துப் பழக்கியவை, பெல்ட் போட்டவற்றைவிடக் குறைவான கட்டளையிலேயே கீழ்ப்படிந்தன. வேல்ஸ் நாடு இந்தப் பெல்ட்டை 2010-லேயே தடை செய்துவிட்டது. எனக்கு இன்னொரு பயமும் உண்டு. வலி வந்த நொடியில் நாய் எதைப் பார்த்ததோ, அதோடு அந்த வலியைச் சேர்த்துக்கொள்ளலாம். அது களத்தில் விளையாடும் குழந்தையாகவும் இருக்கலாம். இந்தப் பெல்ட்டை வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காலைச் சங்கிலிக்கு வருவோம். மாலை முழுக்கச் சும்மா சும்மா கூப்பிடுங்கள். வந்ததும் கழுத்துப் பட்டையைத் தொட்டு, தீனி கொடுத்து, "போ" என்று விட்டுவிடுங்கள். பத்துத் தடவை வந்தால் ஒரு தடவைதான் சங்கிலி என்று ஆக வேண்டும். அந்த ஒரு தடவையும் கட்டிய கையோடு காலைச் சாப்பாட்டை வைத்துவிடுங்கள்.

ஊருக்குள் சின்ன வாசல் வீடு, சத்தமில்லாத தெரு என்றால் குரலும் ஒரு தனிச் சொல்லும் போதும். தோப்பு, தறி, காற்று இருக்கும் இடத்தில் விசில்தான். இரண்டுக்கும் முன்னால் சில மாதங்கள் கயிறு. வீட்டில் இருப்பது சிப்பிப்பாறையோ கன்னியோ என்றால் கணக்கு மாறும். கண்ணால் பார்த்ததை விரட்டிப் பிடிக்கவே வளர்த்தெடுத்த இனங்கள் அவை. முயல் கிளம்பிவிட்டால் விசில் கேட்டும் கேட்காததுபோல் போகும். நன்றாகப் பழகிய பிறகும் ரோட்டோரத்திலும் பட்டிக்குப் பக்கத்திலும் அவற்றுக்குக் கயிற்றைக் கழற்றாதீர்கள். வேலி நல்லபடியாக உள்ள காட்டுக்குள் மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.