என்270 நெட்புக்கில் ஆன்டிஎக்ஸ்: நீண்ட நாள் ஓட்டிய பிறகு

2008, 2009 வாக்கில் வந்த நெட்புக்குகளில் (சிறிய, விலை குறைந்த லேப்டாப்கள்) பெரும்பாலும் இருப்பது இன்டெல் ஆட்டம் என்270 பிராசஸர்தான். 1.6 கிகாஹெர்ட்ஸ், ஒரே கோர், 1 ஜிபி ரேம், 1024×600 திரை. இது 32 பிட் பிராசஸர். 64 பிட் ஐஎஸ்ஓவை (ஓஎஸ்ஸின் நிறுவல் கோப்பு) பென்டிரைவில் போட்டால், ஓஎஸ்ஸின் மையமான கர்னல் ஏறாமல் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். ஆன்டிஎக்ஸ் பழைய கணினிகளுக்கேற்ற இலகுவான லினக்ஸ் ஓஎஸ். டெபியன் 12 லினக்ஸை அடியாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-இன் 386 (32 பிட்) ஃபுல் ஐஎஸ்ஓ இதற்குச் சரி. 4 ஜிபி பென்டிரைவ் போதும். லைவில், அதாவது நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டும்போது, பயனர் கடவுச்சொல் demo, ரூட்டுக்கு (நிர்வாகி கணக்கு) root.

ஆன்டிஎக்ஸின் இலகுவான ஐஸ்டபிள்யூஎம் டெஸ்க்டாப் வந்து நிற்கும்போது ரேமில் 200 எம்பி அளவில்தான் செலவாகியிருக்கும். எழுதுவது, பிடிஎஃப் படிப்பது, பாட்டுக் கேட்பது எதிலும் தடுமாற்றமில்லை. ஃபயர்பாக்ஸைத் திறந்ததும் கதை மாறுகிறது. இன்றைய இணையப் பக்கம் ஒன்றே சில நூறு எம்பியை விழுங்கிவிடும். மூன்றாவது டேபில் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். அது ஸ்வாப்: ரேம் போதாமல் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்துவது. 'இலகுவான ஓஎஸ் போட்டும் மெதுவாக இருக்கிறது' என்ற புகார்களில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஓஎஸ் மேல் பழியில்லை. 2 ஜிபி டிடிஆர்2 ரேம் மாற்றினால் மூச்சு விடலாம், சிப்செட் அதற்கு மேல் ஏற்காது. பிறகு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி. விளம்பரத் தடுப்பானும் இங்கே ஆடம்பரமல்ல.

யூடியூபை பிரவுசரில் பார்க்கவே வேண்டாம். சுருக்கப்பட்ட வீடியோவை விரித்துக் காட்ட (டீகோட்) இதிலுள்ள ஜிஎம்ஏ 950 கிராஃபிக்ஸ் சிப் கைகொடுக்காது, எல்லாச் சுமையும் சிபியு தலையில். வீடியோவின் முகவரியை எம்பிவி என்ற பிளேயருக்குக் கொடுத்து 360பி தரம், எச்264 வீடியோ வடிவம் என்று கட்டுப்படுத்தினால் ஓடும். யூடியூபிலிருந்து வீடியோவை எடுத்துத் தர எம்பிவி நம்பியிருப்பது ஒய்டி-டிஎல்பி என்ற கருவியை. ரெபாசிட்டரியில் (ஓஎஸ்ஸின் மென்பொருள் களஞ்சியம்) இருக்கும் அது பழசானால் திடீரென்று ஒருநாள் எதுவும் ஓடாது. அதை மட்டும் தனியாகப் புதுப்பிக்க வேண்டும்.

600 பிக்சல் உயரத்தில் சில அமைப்புப் பெட்டிகளின் 'ஓகே' பொத்தான் திரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். ஆல்ட்டை அழுத்தியபடி பெட்டியை மேலே இழுத்தால் கிடைத்துவிடும். தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் (தட்டச்சு மொழியை மாற்றும் மென்பொருள்), எம்17என் (தமிழ் விசைப்பலகைகளைத் தருவது) இரண்டையும் நிறுவி, டெஸ்க்டாப் தொடங்கும்போது தானாக ஓட வேண்டியவை எழுதப்படும் தொடக்கக் கோப்பில் ஐபஸ்ஸைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஒவ்வொரு ரீபூட்டுக்குப் பிறகும் தமிழ் காணாமல் போகும்.

எல்லாத் தளத்திலும் சான்றிதழ் பிழை, அப்டேட்டும் மறுக்கிறது என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். பல வருடம் கிடந்த இயந்திரத்தில் கடிகாரத்தை ஓட வைக்கும் சிறிய சிமாஸ் பேட்டரி செத்திருக்கும், கடிகாரம் பழைய வருடத்துக்கே போய்விடும். சில மாடல்களில் அந்த பேட்டரியை மாற்ற, கீபோர்டையே கழற்ற வேண்டும்.